கடலில் ஆணை யாருடையது?

பேராக் மாநிலத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் கடலை நம்பிப் பிழைத்தவர்கள் அல்லர். ஈப்போவைச் சுற்றிய பால்மரத் தோட்டங்களிலும், சுங்கை சிப்புட்டிலும், பாகான் டத்தோவின் தென்னந்தோட்டங்களிலும் வேரூன்றிய நம்மவருள் பலருக்குக் கடல் என்பது, மாசி மகத்தன்று லூமுட் துறையில் படகேறிப் பங்கோர்த் தீவுக்குச் சென்று, பத்திரகாளியம்மன் சந்நிதியில் நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டு மாலைக்குள் திரும்புகிற ஒரு நாள் அனுபவமாகவே இருந்து வந்திருக்கிறது. ஆயினும் அந்தக் குறுகிய பயணத்தைக் கவனத்தோடு செய்கிறவர் ஒன்றைக் காணத் தவறமாட்டார்: ஒரு புறம் அரச மலேசியக் கடற்படையின் பெருந்தளம், அதே நீர்ப்பரப்பில் கடல் போலீஸ், கடல்சார் அமலாக்க நிறுவனம், மீன்வளத் துறை, சுங்கத் துறை ஆகியவற்றின் படகுகள், இவற்றுக்கிடையே வலையும் ஐஸ் பெட்டியுமாகப் போய்வரும் மீன்பிடிப் படகுகள். இவர்களில் யார் யாரைத் தடுத்து நிறுத்தலாம், யாருடைய உத்தரவின் பேரில் ஒரு படகில் ஏறிச் சோதனையிடலாம், எந்த எல்லை வரையில் துரத்திச் செல்லலாம், எப்போது துப்பாக்கியைத் தூக்கலாம் என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

நிலத்தில் இக்கேள்விக்கு விடை காண்பது அவ்வளவு கடினமன்று. தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவனுக்குத் துரையின் உத்தரவு கிராணி வழியாக மண்டோருக்கு வந்து, மண்டோரின் வாயால் பிரட்டுக்களத்தில் சொல்லப்படுகிறது என்பது தெரியும். அந்த உத்தரவு நியாயமோ அநியாயமோ, அது யாரிடமிருந்து புறப்பட்டது என்பதில் மட்டும் அவனுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. கடலிலோ உத்தரவு எங்கிருந்து வருகிறது என்பதே பல வேளைகளில் மறைந்துவிடுகிறது. நள்ளிரவில் ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து புறப்பட்ட ஒரு படகின்மேல் திடீரென்று ஒளிக்கற்றை விழுந்து, ஒலிபெருக்கியில் நிற்கும்படி ஒரு குரல் கட்டளையிடும்போது, வெளிச்சத்துக்குப் பின்னாலிருப்பது சர்க்காரா கொள்ளைக்காரனா, தன் நாட்டுச் சர்க்காரா அண்டை நாட்டுச் சர்க்காரா என்று அறிவதற்குக்கூட அந்தப் படகோட்டிக்கு வழியில்லை. அதிகாரம் இன்னார் கொடுத்தது, இன்ன சட்டத்தின்படி கொடுத்தது, இன்ன நீர்ப்பரப்புக்குக் கொடுத்தது என்று தெளிவாகக் காட்ட முடியாத இடத்தில், கடலில் எளியவனுக்கு வேறு எந்தப் பாதுகாப்பும் கிடையாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த நாட்டின் கடலில் அதிகாரத்தை வரையறுக்கும் முயற்சி ஐரோப்பியர் வந்தபின் தோன்றியதன்று. சுல்தான் மஹ்மூத் ஷாவின் காலத்தில் தொகுக்கப்பட்ட மலாக்காக் கடற்சட்டம், மரக்கலத்தின் தலைவனான நகுதாவுக்குக் கடலில் அரசனுக்குரிய ஸ்தானத்தையே வழங்கிற்று. கரையில் அரசன் எப்படியோ, கப்பலில் நகுதா அப்படி. துறைமுகத்தில் ஷாபந்தர் என்னும் அதிகாரி இருந்தார். பேராக் அரசவையின் பெருந்தலைவர் எண்மரில் ஷாபந்தரும் ஒருவர். நம்முடைய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அதிகாரிகள் பண்டங்களின்மேல் சோழனின் புலி முத்திரையைப் பொறித்ததைக் கூறுகிறது. அங்கே நிற்பவன் தன் சொந்த வலிமையால் நிற்கவில்லை, முத்திரைக்குரியவனின் ஆணையால் நிற்கிறான் என்பதை வணிகனுக்கு அறிவிப்பதே அந்த முத்திரையின் பயன்.

பேராக்கின் நவீன சரித்திரமோ கடல் அதிகாரம் பற்றிய தகராறிலிருந்தே தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது. 1826 அக்டோபர் 18 அன்று கேப்டன் ஜேம்ஸ் லோ, பேராக் சுல்தானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பங்கோர்த் தீவும் அதை அடுத்த டிண்டிங்ஸ் தீவுகளும், கடற்கொள்ளையை ஒடுக்கும் பொருட்டு என்ற காரணங்காட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கப்பட்டன. அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், லாரூட்டின் ஈயச் சுரங்கங்களுக்காக மூண்ட சண்டைகள் கடலுக்கும் பரவியபோது, அதே காரணம் மீண்டும் பிரஸ்தாபிக்கப்பட்டது. 1874 ஜனவரி 20 அன்று பங்கோர் அருகே நங்கூரமிட்டிருந்த புளூட்டோ என்னும் நீராவிக் கப்பலில் ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்கும் ராஜா அப்துல்லாவும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, டிண்டிங்ஸின் எல்லையை விரித்ததோடு நில்லாமல், பேராக்கின் வருவாயையும் நிர்வாகத்தையும் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனைக்கு உட்படுத்திவிட்டது. ஆற்று முகத்துவாரங்களில் வரி தண்டிய தலைவர்களின் பரம்பரைப் பாத்தியதைக்கு அதுவே முடிவின் தொடக்கமாயிற்று. டிண்டிங்ஸ் பகுதி பேராக்குக்குத் திரும்பி வந்தது 1935-இல்தான்.

கொள்ளைக்காரன் யார் என்று தீர்மானிக்கிற அதிகாரம், அவனைப் பிடித்தால் லாபம் அடைகிறவனிடமே இருந்தால் என்ன நேரும் என்பதற்கு அக்காலத்திலேயே ஒரு சாட்சியம் உண்டு. 1825-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் ஒன்று, பிடிக்கப்பட்ட அல்லது கொல்லப்பட்ட ஒவ்வொரு கடற்கொள்ளையனுக்கும் 20 பவுன் சன்மானம் என்று விதித்திருந்தது. 1849-இல் சரவாக் கடலில், அந்நாட்டை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் துணையோடு பிரிட்டிஷ் கடற்படை பெத்திங் மாருவில் நடத்திய இரவுத் தாக்குதலுக்காக வழங்கப்பட்ட தலைப்பணம் 20,700 பவுன். மடிந்தவர்கள் எல்லாரும் கொள்ளைக்காரர்தாமா என்ற கேள்வி இங்கிலாந்தின் பார்லிமெண்டிலேயே எழுந்து, அச்சட்டம் 1850-இல் ரத்தாயிற்று. பின்னர் சிங்கப்பூரில் ஒரு விசாரணைக் கமிஷனும் அமர்ந்தது. அதிகாரத்தையும் ஆதாயத்தையும் ஒரே கையில் கொடுக்கலாகாது என்பதை மனித குலம் இவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்றது.

நம் முன்னோர் கடலில் கண்ட அதிகாரம் வேறு வகையானது. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா முதலிய கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து தளப் பிரயாணிகளாக வந்தவர்கள், பினாங்கை எட்டியும் கரையேற முடியாமல், ஜெரஜாக் தீவின் தொற்றுத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே அவர்களைத் தடுத்து வைத்தவர் போலீஸ்காரர் அல்லர், சுகாதார அதிகாரி. அம்மை, காலரா என்ற நியாயமான அச்சங்கள் அதற்கு ஆதாரமாக இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கப்பலின் மேல்வகுப்பில் வந்தவர்களுக்கு அந்தத் தடை அதே கடுமையோடு விதிக்கப்படவில்லை என்பதையும், தடுக்கப்பட்டவர்களிடம் எந்தச் சட்டத்தின்படி என்று எவரும் விளக்கியிருக்கமாட்டார்கள் என்பதையும் எண்ணும்போது, அதிகாரம் சட்டப்படி இருந்தால் மட்டும் போதாது, தடுக்கப்பட்டவனுக்கு அது புரியும்படியும் இருக்கவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெறுகிறது.

இனி, இன்றைய சர்வதேசச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். மலேசியா 1996 அக்டோபர் 14 அன்று உறுதிசெய்து ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் 1982-ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கை, கரையிலிருந்து விலக விலக அரசின் அதிகாரத்தைப் படிப்படியாகக் குறைத்துச் செல்கிறது. 12 கடல் மைல் வரையிலான பிராந்தியக் கடலில் அரசின் இறையாண்மை ஏறக்குறைய முழுமையானது. 200 கடல் மைல் வரை நீளக்கூடிய பொருளாதார மண்டலத்தில் மீன் முதலிய செல்வங்களைக் காக்கும் அளவுக்குத்தான் அதிகாரம். அங்கே பிடிபட்ட அந்நியப் படகையும் பணியாளரையும் பிணை பெற்றுக்கொண்டு விரைவில் விடுவிக்கவேண்டும், உடன்பாடு இல்லாதபோது மீன்பிடிக் குற்றத்துக்காக அவர்களைச் சிறையில் அடைக்கவும் கூடாது. அதற்கும் அப்பால் கப்பல் எந்தக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டின் அதிகாரமே அதன்மேல் செல்லும். கடற்கொள்ளை, அடிமை வியாபாரம், எந்த நாட்டுக்கும் உரியதல்லாத கப்பல் என்பன போன்ற சில சந்தேகங்களின்பேரில்தான் பிற நாட்டு யுத்தக் கப்பல் அதில் ஏறிப் பார்க்கலாம். சந்தேகம் ஆதாரமற்றது என்று தெரிந்தால் நஷ்டஈடு கொடுக்கவேண்டும்.

நம் கேள்விக்கு உயிரான விதி ஒன்று அந்த உடன்படிக்கையில் மூன்று இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கொள்ளைக் கப்பலைக் கைப்பற்றுவதானாலும், ஏறிச் சோதிப்பதானாலும், விடாது துரத்துவதானாலும், அதைச் செய்யத் தக்கவை யுத்தக் கப்பல்களும் இராணுவ விமானங்களும், அல்லது அரசாங்கப் பணியில் உள்ளவை என்று தெளிவான அடையாளம் பூண்டு, அதற்கென்று அதிகாரம் அளிக்கப்பட்ட பிற கப்பல்களும் விமானங்களுமே. அடையாளம் வேண்டும், அதிகாரமும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. துரத்துவதும் தன் நீர்ப்பரப்பில் தொடங்கி, காணவோ கேட்கவோ கூடிய சைகையால் முன்னறிவித்து, இடையறாது தொடரவேண்டும். துரத்தப்படும் கப்பல் தன் நாட்டின் அல்லது வேறொரு நாட்டின் பிராந்தியக் கடலுக்குள் நுழைந்தவுடன் அந்த உரிமை அற்றுப்போகிறது.

இந்த விதிகள் ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் மீன்பிடிக் கப்பல்களுக்கு எண்ணெய் விற்றுவந்த சைகா என்னும் கப்பலை, 1997 அக்டோபர் 28 அன்று கினி நாட்டுச் சுங்கப் படகுகள் சுட்டுப் பிடித்தன. வழக்கு ஹாம்பர்க்கிலுள்ள சர்வதேசக் கடற்சட்ட நியாய சபைக்குச் சென்றது. சுங்கச் சட்டத்தைப் பொருளாதார மண்டலத்தில் செலுத்தக் கினிக்கு அதிகாரமில்லை, துரத்தல் விதிப்படி நடக்கவில்லை, பாரம் ஏற்றி மெல்லச் சென்ற கப்பலின்மேல் உரிய எச்சரிக்கையின்றிச் சுட்டது மிதமிஞ்சிய பலப்பிரயோகம் என்று 1999 ஜூலை முதல் தேதி அச்சபை தீர்ப்பளித்து, 21,23,357 அமெரிக்க டாலர் நஷ்டஈடும் விதித்தது.

மலேசியாவுக்குள் வருவோம். இங்கே கடலதிகாரம் ஒரே கையில் இருந்ததே இல்லை. 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் அதிகாரம் பெற்றவர்கள் என்று மீன்வள அதிகாரியை மட்டும் குறிப்பிடவில்லை. துறைமுக அதிகாரி, குறிப்பிட்ட தரத்திலுள்ள போலீஸ்காரர், சுங்க அதிகாரி, கடற்படையினர், விமானப் படையினர் எனப் பலரையும் அந்தச் சொல்லுக்குள் அடக்கிற்று. 1967-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமும் 1984-ஆம் ஆண்டுப் பொருளாதார மண்டலச் சட்டமும் தத்தம் வழியில் அதிகாரிகளை நியமித்தன. கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான பங்கீடோ இன்னும் நுட்பமானது: அரசியல் சாசனத்தின்படி கடல் மீன்பிடித்தல் கூட்டரசின் பொறுப்பு, ஆமைகளோ மாநிலத்தின் பொறுப்பு. செகாரிக் கரையோரத்தில் ஒரே வலையில் ஒரு மீனும் ஓர் ஆமையும் சிக்கினால், மீனைப் பற்றிய சட்டம் கோலாலம்பூரில் இயற்றப்பட்டது. ஆமையைப் பற்றிய சட்டத்தை இயற்றும் உரிமை ஈப்போவினுடையது.

இந்தச் சிதறலைக் களையும் நோக்கத்தோடுதான் 2004-ஆம் ஆண்டின் 633-ஆம் சட்டம் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்தைத் தோற்றுவித்தது. 2005 இறுதியில் பணி தொடங்கிய இந்த ஸ்தாபனம், முதலில் பிரதமர் துறையின்கீழ் இருந்து, 2018 முதல் உள்துறை அமைச்சின்கீழ் இயங்குகிறது. நிறுத்துதல், ஏறுதல், சோதித்தல், தடுத்து வைத்தல், கைதுசெய்தல், பொருளைப் பறிமுதல் செய்தல், விடாது துரத்துதல், நாட்டின் நலனுக்குப் பாதகமான கப்பலை வெளியேற்றுதல் ஆகிய அதிகாரங்கள் அனைத்தும் ஒரே சட்டத்தில் இதற்கு அளிக்கப்பட்டன. மலேசியக் கடல் மண்டலத்துக்கு வெளியே, திறந்த கடலில், தேடி மீட்டல், கடல் மாசு தடுத்தல், கடற்கொள்ளையை ஒடுக்கல், போதைப்பொருள் கடத்தலைத் தடுத்தல் என்ற நான்கு காரியங்களுக்கு மட்டும் அது செல்லலாம். அவசர காலத்திலோ யுத்தத்திலோ அதைப் பாதுகாப்பு அமைச்சரின் கட்டளையால் இராணுவத்தின் தலைமையின்கீழ் வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட சட்டம் நம் பகுதியில் அரிது என்று நான் கருதுகிறேன். குறை என்னவென்றால், புதிய ஸ்தாபனம் வந்தபோது பழைய அதிகாரங்கள் திரும்பப் பெறப்படவில்லை. கடல் போலீஸும் மீன்வளத் துறையும் சுங்கமும் இன்றும் தத்தம் சட்டங்களின் பலத்தில் அதே நீரில் நடமாடுகின்றன.

அதிகாரம் சரியாகச் சூட்டப்பட்டால் அது எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு லூமுட்டே ஓர் உதாரணம் தந்திருக்கிறது. 2008 ஆகஸ்டில், ஏடன் வளைகுடாவில், மிஸ்க் என்னும் மலேசியக் கப்பல் கம்பெனியின் இரு கப்பல்களைச் சோமாலியக் கொள்ளையர் கடத்தினர். எப்போதும் யுத்தக் கப்பலை அங்கே நிறுத்திவைப்பது பெருஞ்செலவு. வணிகக் கப்பலில் சிப்பாய்களை ஏற்றிவிட்டால் அது யுத்தக் கப்பல் ஆகிவிடாது. ஆகவே, அதே கம்பெனியின் பூங்கா மாஸ் லீமா என்னும் சரக்குக் கப்பலை எடுத்து, கடற்படையின் சாம்பல் நிறம் பூசி, ஹெலிகாப்டர் இறங்கத் தளம் அமைத்து, அதன் மாலுமிகளைக் கடற்படையின் தொண்டர் சேமப்படையில் சேர்த்து, 2009-இல் கடற்படையின் துணைக் கப்பலாகவே ஆக்கிவிட்டார்கள். நிறம் மாற்றியது அலங்காரத்துக்கன்று. தெளிவான அடையாளம் என்று உடன்படிக்கை கேட்கிறதே, அதற்கான விடை அது. மாலுமியைப் படையில் சேர்த்தது, அதிகாரம் வேண்டும் என்ற மறுபாதிக்கான விடை.

2011 ஜனவரி 20 அன்று, ஓமானுக்குக் கிழக்கே, அந்தக் கம்பெனியின் பூங்கா லோரல் என்னும் எண்ணெய்க் கப்பலில் கொள்ளையர் ஏறினர். கப்பலில் இருந்த பிலிப்பீன்ஸ் மாலுமிகள் 23 பேர் பாதுகாப்பு அறைக்குள் புகுந்து அபாய அறிவிப்பை எழுப்பினர். பூங்கா மாஸ் லீமாவிலிருந்து விரைந்த பாஸ்கால் வீரர்கள், அதாவது லூமுட்டைத் தாய்த்தளமாகக் கொண்ட கடற்படைக் கமாண்டோக்கள், கப்பலை மீட்டு ஏழு சோமாலியரைப் பிடித்தனர். பல நாடுகள் அக்காலத்தில் பிடித்த கொள்ளையரை விசாரிக்க வழியின்றி விட்டுவிட்டபோது, மலேசியா அவர்களைக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து உயர்நீதிமன்றத்தில் நிறுத்தியது. 1964-ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, சர்வதேசச் சட்டப்படி கடற்கொள்ளையாகும் குற்றத்தைத் திறந்த கடலில் எவர் செய்திருந்தாலும் விசாரிக்கும் அதிகாரத்தை உயர்நீதிமன்றத்துக்கு ஏற்கெனவே வழங்கியிருந்தது. 2013-இல் அவர்களுக்கு 8 முதல் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைத்தது. பிடித்தவனின் அதிகாரம் முதல் தண்டித்தவரின் அதிகாரம் வரை சங்கிலியில் ஒரு கண்ணியும் விட்டுப்போகாத வழக்கு இது.

அந்தக் கண்ணி அறுந்துபோன வழக்கு தமிழ் நாட்டின் வாசலிலேயே நடந்தது. 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து 20.5 கடல் மைல் தொலைவில், என்ரிகா லெக்சி என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள், தங்களை நோக்கி வந்த படகைக் கொள்ளையர் படகென்று எண்ணிச் சுட்டதில், செயின்ட் ஆண்டனி என்ற மீன்பிடிப் படகிலிருந்த இருவர் மாண்டனர். அவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழர். பொருளீட்டும் வணிகக் கப்பலின் தளத்தில் நின்ற சிப்பாய், யாருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சுட்டான்? கப்பல் தலைவனுடையதா, ரோமாபுரியினுடையதா? கேரளப் போலீஸ் சுட்ட வீரர்களைக் கைதுசெய்தது. ஆனால் பிராந்தியக் கடலுக்கு அப்பால் மாநிலத்துக்கு அதிகாரமில்லை, மத்திய அரசுக்கே உண்டு என்று 2013 ஜனவரி 18 அன்று இந்திய உச்சநீதிமன்றம் கூறிற்று. இறுதியில் 2020-இல் சர்வதேச நடுவர் மன்றம், அவ்வீரர்கள் அரசின் பணியாளர்களாதலால் இந்திய நீதிமன்றத்தின் விசாரணைக்கு உட்படாதவர்கள் என்றும், இந்தியாவுக்கு நஷ்டஈடு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. பத்துக் கோடி ரூபாய் செலுத்தப்பட்டு 2021 ஜூனில் வழக்கு முடிக்கப்பட்டது. மீன் பிடிக்கப் போனவர்களைச் சுட்டது சரியா தவறா என்ற மூலக்கேள்வியை எந்த இந்திய நீதிமன்றமும் விசாரித்துத் தீர்மானிக்கவே இல்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

மலாக்கா நீரிணையில் சிக்கல் வேறு உருவம் கொள்கிறது. 1969-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் கடலடித் திட்டுக்கு எல்லை வகுத்தன. ஆனால் மேலுள்ள நீருக்கும் மீனுக்கும் அதே கோடுதான் எல்லை என்பதை இந்தோனேசியா ஏற்கவில்லை. ஆகவே ஒரே இடத்தில் இரண்டு நாடுகளின் அதிகாரிகளும் தத்தம் சட்டப்படி நேர்மையாகவே கைதுசெய்ய முடியும். 2010 ஆகஸ்டில், நீரிணைக்குத் தெற்கே பிந்தான் தீவுக்கருகே இது நடந்தும்விட்டது: இந்தோனேசிய மீன்வள அதிகாரிகள் ஏழு மலேசிய மீனவரைப் பிடிக்க, மலேசியக் கடல் போலீஸ் அந்த அதிகாரிகளில் மூவரையே பிடித்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் இரு தரப்பாரும் விடுவிக்கப்பட்டனர். அதன் பயனாக 2012 ஜனவரி 27 அன்று இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டன. எல்லை தீராத நீரில் காணப்படும் மீனவரைக் கைதுசெய்யாமல், வெளியேறும்படி அறிவித்து அனுப்புவது அதன் சாரம். சட்டவிரோத வலைகளையும் முறைகளையும் பயன்படுத்துவோருக்கு அச்சலுகை இல்லை. உரிமை எவருடையது என்று தெரியாத இடத்தில் அதிகாரத்தை அடக்கி வைத்துக்கொள்ளுவதே விவேகம் என்ற இந்த முடிவைப் பாராட்டுகிறேன்.

அந்நியக் கப்பலின்மேல் கைவைக்கும் தீர்மானத்தைப் படகிலிருக்கும் அதிகாரியிடம் விடுவதா, மேலிடத்துக்குக் கொண்டுபோவதா என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கது. பிரிட்டன் தனது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில், சர்வதேச நீரில் அந்நியக் கப்பலின்மேல் போலீஸ் அதிகாரத்தைச் செலுத்த அமைச்சரின் அனுமதி வேண்டும் என்றும், அக்கப்பலின் நாடு கேட்டுக்கொண்டாலோ சம்மதித்தாலோ, அல்லது கடற்சட்ட உடன்படிக்கை இடங்கொடுத்தாலோதான் அமைச்சர் அதை அளிக்கலாம் என்றும் விதித்திருக்கிறது. தாமதம் உண்டாகும் என்று சொல்லலாம். ஆனால் பின்னால் பதில் சொல்லவேண்டியவர் யார் என்பது முன்னாலேயே தீர்மானமாகிவிடுகிறது. அந்த லாபம் தாமதத்தைவிடப் பெரிது.

பதில் சொல்வது என்னும் இந்த விஷயத்தில்தான் நம் நாட்டின் ஏற்பாடு இன்னும் செப்பனிடப்படவேண்டியிருக்கிறது. 2025 ஜனவரி 24 அன்று சிலாங்கூரின் தஞ்சோங் ரூ கடலில், இந்தோனேசியத் தொழிலாளர் சென்ற படகின்மேல் கடல்சார் அமலாக்க நிறுவனத்தினர் சுட்டதில் உயிரிழப்பு நேர்ந்தது. படகிலிருந்தவர்கள் தங்களைத் தாக்க முற்பட்டதாக அதிகாரிகள் கூறினர். இந்தோனேசியா முழு விசாரணை கோரிற்று. பிழைப்புத் தேடிக் கடல் தாண்டியவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம் அச்செய்தியை அந்நியர் செய்தியாகப் படித்துவிட்டுப் போக முடியாது. கடல் போலீஸின்மேல் புகார் என்றால் அது 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி போலீஸ் நடத்தைக்கான தனி ஆணையத்துக்குச் செல்கிறது. கடல்சார் அமலாக்க நிறுவனத்தின்மேல் புகார் என்றால் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அமலாக்க நேர்மை ஆணையத்துக்குச் செல்கிறது. தன்னை இரவில் நிறுத்தியது எந்தப் படகு என்றே அறியாத மீனவன் எந்த வாசலில் போய் நிற்பான்?

ஆகவே, ஏறிச் சோதித்த ஒவ்வொரு படகிலும் ஏறியவரின் பெயர், பதவி, அவர் சார்ந்த துறை, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, நின்ற இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, நேரம் ஆகியவை எழுதிய ஒரு தாளைப் படகோட்டியின் கையில், அவன் படிக்கக்கூடிய மொழியில், கொடுத்துவிட்டு இறங்கவேண்டும் என்ற விதி எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக வரவேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அந்நியப் படகின் உரிமையாளருக்கும் தலைவருக்கும் 60 லட்சம் ரிங்கிட் வரையிலும், சாதாரணப் பணியாளன் ஒவ்வொருவனுக்கும் 6 லட்சம் ரிங்கிட் வரையிலும் அபராதம் விதிக்க மீன்வளச் சட்டம் இன்று இடம் தருகிறது. இவ்வளவு கடுமையான சட்டத்தைக் கையிலேந்திப் படகேறுகிற அதிகாரி ஒரு தாளையும் ஏந்தி வருவதில் சிரமம் ஒன்றும் இல்லை.